இடது பக்கம் மட்டும் கெட்ட கார்

அத்தியாயம் – 7

இராஜபாளையத்தில் புதுக் காரின் தரத்தைச் சோதிக்க ஒரு விரல் முட்டி போதும். வண்டியைத் தெருவில் நிறுத்திய அடுத்த நிமிடம் நாலு பேர் வந்து பானெட்டில் டொக் டொக்கென்று தட்டிப் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியிராத ஆசாமிகூடக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ‘தகரம்’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

1993 ஆடி மாதத்து நிலவரப்படி ஊரில் ஓடிய மூன்று கார்களில் பிரதாப் இரும்பு, மேனகா சுமார், நிமி தகரம். துப்பறியும் பரிபூரணத்துக்கு இந்த மூன்றின் மேலும் ஒரே அளவு இளக்காரம்தான். பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, நொறுங்கிய வண்டிகளின் போட்டோக்களையும் நொறுக்கியவர்கள் எழுதிய பொய்களையும் பார்த்துச் சலித்து, வேலையை விட்டுவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் சொந்தமாகப் போர்டு மாட்டியவள் அவள். பிரதாப்பைத் தட்டினால் கை வலிக்கும், ஓட்டினால் கால் வலிக்கும். மேனகாவில் ஒரு கதவைச் சாத்தினால் எதிர்க்கதவு திறந்துகொள்ளும் என்பது அவளுடைய அபிப்பிராயம். நிமியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் சந்தர்ப்பம் அந்த வியாழக்கிழமை காலையில்தான் வாய்த்தது.

வண்டி, சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்தும் பீர் முகமதுவுடையது. வெள்ளை நிமி. தை மாதம் புத்தம் புதிதாக வாங்கி, ஆறு மாதத்தில் ஒன்பது தடவை ரிப்பேர். கடைசியாகப் பார்த்த மெக்கானிக் இடது பக்கத்துக் கதவைச் சுரண்டியபோது பெயின்ட்டுக்கு அடியில் பள்ளத்தை அடைக்கும் பட்டி கனமாகப் பூசியிருந்தது. எங்கேயோ இடித்து, யாருக்கும் தெரியாமல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். வண்டியை ஓட்டியது ஒரே ஆள், டிரைவர் சங்கரலிங்கம். பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்த நாற்பது பெண்களுக்கு முன்னால் பீர் முகமது அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கி, பொய்யன் என்று திட்டி வெளியே அனுப்பினார். நாளை வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் போலீசில் புகார் கொடுப்பதாக இருந்தார்.

புகார் போனால் லைசென்சுக்கு ஆபத்து. போகாவிட்டாலும் அந்த ஊரில் இனி எவர் சங்கரலிங்கத்தின் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார்? பன்னிரண்டு நாளாக வேலையில்லாமல் இருந்த அவர் முந்தின நாள் மாடியேறி வந்து, இருபத்திரண்டு வருஷம் ஓட்டியதில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்றார். பரிபூரணம் அவரை நம்பினாள். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு சின்ன உதாரணம் எடுக்க மாட்டார்கள் என்பது இன்சூரன்ஸ் ஆபீஸ் கொடுத்த ஞானம்.

கம்பெனி முற்றத்து வெயிலில் நின்ற நிமியை அவளும் அவளுடைய உதவியாளன் ஹுமாயூனும் சுற்றி வந்தார்கள். முப்பது வயது ஹுமாயூனுக்குச் சொத்து என்று இருந்தவை ஒரு மொபெட்டும் ஓயாத வாயும்தான். வலது பக்கக் கதவைத் தட்டினான், கணீரென்றது. இடது பக்கம் தட்டினான், மொத்தென்றது.

“வலது பக்கம் காரு, இடது பக்கம் களிமண்ணு. ரெண்டு கம்பெனி கூட்டுச் சேந்து செஞ்சிருக்கானுக போலக்கா.”

வராந்தாவில் நின்ற பீர் முகமதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. கார்க் கம்பெனியைக் குறை சொல்ல அவர் தயாராக இல்லை. தளவாய்புரத்து ஐயாதுரையும் அதே மாதம் அதே நிமியைத்தான் வாங்கினாராம். இன்றுவரை ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லையாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அது ஓடுகிறது, இது படுக்கிறது என்றால் வித்தியாசம் டிரைவர்தானே என்று கேட்டார். பரிபூரணம், சங்கரலிங்கம் சொன்னதை வைத்து, முந்தின மாலையே தளவாய்புரம் போய் அந்த வண்டியைப் பார்த்திருந்தாள். பீர் முகமது சொன்னது உண்மைதான். ஊரே பானெட்டைத் தட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு வண்டியைப் பக்கத்தில் வைத்து யோசித்த ஒரே ஆள் அவர் என்பதால், அவர்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டாள். கொஞ்சம்தான்.

ஹுமாயூன் டிக்கியைத் திறந்து குடைந்தான். ரெக்சின் பையை அவிழ்த்து ஜாக்கியை வெளியே எடுத்தவன், அதைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றுவிட்டான். அவன் பேசாமல் நின்றதே பரிபூரணத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“அக்கா, பாய் வீட்டு ஜாக்கிக்குப் பொட்டு வச்சது யாரு?”

காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒன்றல்ல, வரிசையாக மூன்று. பீர் முகமது கிட்டே வந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் யாரும் வைக்கவில்லை என்று தேவையில்லாமல் சத்தியம் செய்தார். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஜாக்கி என்றால் பொட்டு இருக்கத்தானே செய்யும், வண்டி வந்த அன்றைக்கே பார்த்தேன், ஆயுத பூசைக்கு யாரோ வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன் என்றார் அவர். தான் வைக்கவில்லை என்றும் சொன்னார்.

“தையில வாங்குன வண்டி, இப்ப ஆடி. நடுவுல ஏது ஆயுத பூசை?” என்று பரிபூரணம் பொதுவாகக் கேட்டாள்.

ஜாக்கியைக் கடன் வாங்கிக்கொண்டு, போன் பக்கத்திலேயே இருக்கும்படி பீர் முகமதுவிடம் சொல்லிவிட்டு அவள் தெருவுக்கு வந்தாள்.

எதிர்த்த டீக்கடைச் சுவரில் வைகுண்டராஜின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வைகுண்டராஜ் நூற்பாலை முதலாளி. கார் விஷயத்தில் அவர் சொன்னதுதான் ஊருக்குச் சட்டம். புதுக் கார்களை ஷோரூம்காரர்களிடம் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து, வருஷாவருஷம் கார்த்திகையில் மார்க் போட்டு, ‘எந்தக் கார் நல்ல கார்’ என்று அச்சடித்து விடுவார். போன கார்த்திகையில் பிரதாப்புக்கு எண்பத்திரண்டு, மேனகாவுக்கு அறுபது, நிமிக்கு முப்பத்து நாலு. ஊரே இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்த ஆத்மா ஒன்றுகூட இருக்காது என்று பரிபூரணம் பந்தயம் கட்டத் தயாராக இருந்தாள். பீர் முகமது நோட்டீசையே தொட்டதில்லை. வைகுண்டராஜைக் கண்டாலே ஆகாதவர். அவர் முப்பத்து நாலு போட்டார் என்பதற்காகவே நிமியைத் தேடிப் போய் வாங்கியவர்.

பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னாள். ஹுமாயூன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, ரேடியோ செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தான்.

“நிமி. முதல் வாரம் குறை ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் முதல் இடது பின்கதவு இரண்டு தடவை அறைந்தால்தான் மூடுகிறது. மழை பெய்தால் இடது காலடியில் தண்ணீர் நிற்கிறது. இடது ஜன்னல் பாதியில் சிக்குகிறது. ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது.” அவன் குரல் மாறியது. “என்னக்கா இது, எல்லாமே இடது? கார் செஞ்சவனுக்கு இடது கைப் பழக்கமா?”

இந்த நாலு குறையையும் இதே வரிசையில் சங்கரலிங்கம் நேற்று விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார். தளவாய்புரத்து நிமியில் நாலில் ஒன்றுகூட இல்லை. பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல. மட்டமாகச் செய்த வண்டி என்றால் இரண்டு பக்கமும் மட்டமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் அது செய்தவன் கோளாறு இல்லை, இடித்தவன் கோளாறு. நோட்டீஸ் அச்சானது கார்த்திகையில். சங்கரலிங்கம் அந்த வண்டியைத் தொட்டது தையில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் கண்டுபிடித்திருக்கக் கூடிய விஷயம், எட்டு மாதமாக டீக்கடைச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டியிருந்தது.

மொபெட் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. மடவார் வளாகம் போகும் வழியில் நிமி ஷோரூம். அதன் உரிமையாளர் சோலைராஜ், சபாரி அணிந்து, கண்ணாடி மேஜைக்குப் பின்னால் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். பரிபூரணம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பீர் முகமது பாய்க்குக் கொடுத்த வண்டி மாதக்கணக்கில் இங்கே விற்காமல் கிடந்த வண்டி என்று இராஜபாளையத்தில் பேசிக்கொள்கிறார்களே என்று இழுத்தாள்.

சோலைராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “யாரு சொன்னது? கம்பெனி லாரியில இருந்து எறக்குன ரெண்டாம் நாளு டெலிவரி. சீட்டு மேல பிளாஸ்டிக்கூடக் கிழிக்கலை. பொங்கலுக்கு முந்தி அந்த வண்டி நம்ம ஜில்லாவையே பாத்தது கெடையாது.”

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன் என்றார். வைகுண்டராஜுக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டி எங்கே என்று கேட்டதற்கு, அதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பியாயிற்று என்றார். ஹுமாயூன் பையைத் திறந்து ஜாக்கியைக் கண்ணாடி மேஜையின் நடுவில் வைத்தான்.

“இது பாய் வண்டி ஜாக்கி. தை மாசம் பொறந்த பிள்ளைக்கு முந்துன புரட்டாசியிலயே மொட்டை போட்டுட்டீகளே அண்ணாச்சி.”

சோலைராஜ் மூன்று பொட்டுகளையும் பார்த்தார். ஷோரூமில் இருக்கும் எல்லா வண்டிக்கும் பூசை போடுவோம் என்று ஆரம்பித்து, ஆயுத பூசையன்று அந்த வண்டி ஷோரூமில் இருந்ததாகச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்கு முன் சொன்னது என்ன ஆகும் என்று உறைத்து, பாதியில் நிறுத்தினார். அப்புறம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. வைகுண்டராஜ் மூன்று மாதம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த அதே வண்டிதான். ஆயுத பூசைக்கு அது அவருடைய மில்லில் நின்றது. மீட்டரைத் திருப்பி, சீட்டுக்குப் புதுப் பிளாஸ்டிக் போட்டு, டயருக்குக் கறுப்புப் பூசி, புது வண்டி என்று பீர் முகமது தலையில் கட்டிவிட்டார். அப்படியென்றால் ஜாக்கியில் இருந்த பொட்டை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று பரிபூரணம் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவரைப் புண்படுத்தியது.

“வச்ச பொட்டை எப்படிம்மா அழிக்கிறது?”

மீட்டரைத் திருப்பும்போது நடுங்காத கை பொட்டை அழிக்க நடுங்கியிருக்கிறது. இந்த மாதிரி பக்திமான்களை இன்சூரன்ஸ் ஆபீசில் நிறையப் பார்த்தவள் என்பதால் பரிபூரணம் ஆச்சரியப்படவில்லை. ஆனால் இடித்தது யார் என்று கேட்டபோது சோலைராஜ் உண்மையாகவே விழித்தார். தான் வைகுண்டராஜிடம் கொடுத்தபோது வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை, திரும்பி வந்தபோதும் பளபளவென்றுதான் இருந்தது என்று மகன்மேல் ஆணையிட்டார். பட்டி பூசிய கதவைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. சொல்லிக்கொண்டே வந்தவருக்குத் திடீரென்று கணக்குப் புரிந்து முகம் தொங்கிப்போனது.

“அப்ப என்னையும்ல ஏமாத்திருக்காக” என்றார்.

“பாவம்” என்றான் ஹுமாயூன். “ஊருல நல்லவுகளுக்குக் காலமே இல்ல.”

அங்கிருந்தே பரிபூரணம் பீர் முகமதுவுக்குப் போன் செய்து மில்லுக்கு வரச் சொன்னாள். சோலைராஜை அவருடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தென்காசி ரோட்டில் வைகுண்டராஜின் மில் கேட்டுக்குள் திரும்பும்போது அவள் காரை நிறுத்தச் சொன்னாள். கேட்டின் இரண்டு தூண்களும் பழைய சுண்ணாம்பு. இடது தூணில் மட்டும் கார் கதவின் உயரத்துக்குப் புது சிமென்ட் பூச்சு. ஹுமாயூனைப் பார்த்தாள், அவன் தலையாட்டினான்.

வைகுண்டராஜ் தன் அறையில், பிரதாப்பின் படம் போட்ட காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து அவர்களை வரவேற்றார். பீர் முகமது உள்ளே வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். பரிபூரணம் மரியாதையாகவே கேட்டாள். ஓட்டிப் பார்க்க வந்த நிமிக்கு அவருடைய கையில் ஏதாவது அடிபட்டதா? அடிபடுவதாவது, முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தேன் என்றார். தரம் என்றால் என்ன, தகடு எத்தனை கனம் இருக்க வேண்டும், கதவு சாத்தினால் என்ன சத்தம் வர வேண்டும் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெருமை பேசுகிற ஆளைக் குறுக்கே மறிக்கக் கூடாது, ஓடவிட வேண்டும்.

ஜன்னல் ஓரம் நின்ற ஹுமாயூன், வெளியே பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னான்: “உரசுனது நிமியாப் போச்சு, அந்தத் தூணு தப்பிச்சுது. பிரதாப்பா இருந்தா தூணு மிஞ்சியிருக்குமா?”

“பின்ன?” வைகுண்டராஜின் முகம் மலர்ந்தது. “பிரதாப்பா இருந்தா தூணு ரெண்டாப் போயிருக்கும். இது என்னடான்னா, லேசாத் திருப்பத்துல உரசுனேன், அதுக்கே கதவு கோணிப்போச்சு. அதாம் முப்பத்து நாலு போட்டேன்.”

பீர் முகமது முதல் தடவையாக வைகுண்டராஜின் முகத்தை நேராகப் பார்த்தார். அப்போதுதான் வைகுண்டராஜுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது.

மறுப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் தானே ஓட்டி வந்து தூணில் தேய்த்திருக்கிறார். ஊருக்கே கார் பாடம் நடத்துகிறவர் சொந்த கேட்டில் இடித்தார் என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று மில்லில் தகடு வேலை பார்க்கும் டிங்கரை வைத்துப் பட்டி பூசி, அதே வெள்ளை அடித்து மூடியிருக்கிறார். மூடியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தான் கோணலாக்கிய கதவுக்குத் தானே மார்க்கைக் குறைத்து, அதைத் தர ஒப்பீடு என்று அச்சடித்துச் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிறார். அதைத்தான் எட்டு மாதமாக ஊர் வேதமாக நம்பியது. இந்த ஊருக்கு இது போதும் என்று பரிபூரணம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கார்த்திகையில் நிமிக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டுவிடுகிறேன் என்று வைகுண்டராஜ் பெருந்தன்மையோடு முன்வந்தார்.

“வண்டி கோவிச்சுக்கிடாது சார்” என்றாள் பரிபூரணம். “சங்கரலிங்கம்னு ஒருத்தர் பன்னெண்டு நாளா வேலையில்லாம நிக்காரு. நீங்க இடிச்சதுக்கு நாளைக்கு அவரு போலீசுக்குப் போகணும். அவருக்கு எம்புட்டு மார்க்கு போடுவீக?”

வைகுண்டராஜ் நடந்ததை எழுதிக்கொடுத்தார். சோலைராஜும் எழுதிக்கொடுத்தார். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு புது வண்டி தருவதாக சோலைராஜ் சொன்னதை பீர் முகமது காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பரிபூரணத்தையும் ஹுமாயூனையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினார்.

மாலை நாலரை மணிக்குக் கம்பெனி கேட்டில் சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தார். பீர் முகமது நடந்ததை இரண்டு வரியில் சொல்லி, வேறு எங்கோ பார்த்தபடி நிமியின் சாவியை நீட்டினார். சங்கரலிங்கம் கையை நீட்டவில்லை.

“எல்லாரு முன்னாடியும் வச்சு வாங்குனீக முதலாளி. அங்க வச்சே குடுங்க.”

பீர் முகமதுவின் காது சிவந்தது. ஆனாலும் போனார். ஷெட்டுக்குள் நாற்பது பெண்களும் பேண்டேஜ் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். சங்கரலிங்கம் வண்டியை இடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, நான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து அசீனா என்ற பெண், அன்றைக்குக் கேட்ட சத்தம் இன்றைக்கு இங்கே வரைக்கும் வரவில்லையே முதலாளி என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தி, இன்னொரு தடவை, ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சங்கரலிங்கம் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் வெளியே வந்தார்கள். முடிந்தது என்று நினைத்து பீர் முகமது ஆபீசுக்குத் திரும்பியபோது சங்கரலிங்கம் கூப்பிட்டார்.

“நீங்க அன்னைக்குச் சொன்னத எம் பொஞ்சாதி சீனியம்மாளும் நம்பிட்டா முதலாளி. பன்னெண்டு நாளா எங்கூடப் பேச்சில்ல. வீடு பக்கந்தான். செத்த நேரம் இங்ஙனயே நில்லுங்க, கூட்டியாரேன். அவ முன்னாடியும் ஒருக்கா சொல்லிருங்க.”

பதிலுக்குக் காத்திராமல் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹுமாயூன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பரிபூரணம் வேண்டாம் என்று தலையசைத்தாள். பீர் முகமது ஆபீசுக்குள் போகவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. கேட் ஓரத்திலேயே நின்றார்.